பின்வரிசை யாருக்கு?

"பெண்களுக்குள் சாதியில்லை, பெண்ணினமே ஒரு சாதி." தேர்தல் வந்துவிட்டால் இந்த முழக்கம் மேடைதோறும் ஒலிக்கும். செவிக்கு இனிய முழக்கம். கைதட்டலும் குறைவின்றிக் கிடைக்கும். ஆனால், இனிக்கும் முழக்கத்தைத்தான் முதலில் உரசிப் பார்க்கவேண்டும் என்பது பகுத்தறிவாளர் கற்ற பாடம். "ஆண்டவன் சந்நிதியில் அனைவரும் சமம்" என்பதும் இனிய முழக்கந்தானே! அதை ஓதிய வாய்தானே, சந்நிதிக்கு வெளியே நில் என்றும் ஓதிற்று!

ஆகவே, இந்த முழக்கத்தைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். பெண்ணுரிமைக்குப் பகைவராக அன்று. பெண்ணுரிமையின் பேரால் ஒருத்தி உயர, மற்றொருத்தி அவளுக்குப் படிக்கட்டாகக் கிடக்கும் நிலை வரலாகாது என்று கருதுவோராக. எந்த முழக்கத்தையும் எடைபோட மூன்று கேள்விகள் போதும். அதை யார் சொல்கிறார்? யாரைப் பார்த்துச் சொல்கிறார்? எந்த வேளையில் சொல்கிறார்? இம்மூன்றுக்கும் விடை தேடிப் புறப்பட்டால், வழி நம்மைக் கடல்கடந்தும் அழைத்துச் செல்கிறது. மீண்டும் நமது செங்கற்பட்டுக்கே கொண்டுவந்தும் சேர்க்கிறது.

கடலுக்கு அப்பால்

அமெரிக்க நாட்டிலே அடிமைத்தளை அறுந்த பிறகு, 1866-இல், கறுப்பின மக்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே வாக்குரிமை கேட்க ஒரு சங்கம் தோன்றிற்று. எலிசபெத் கேடி ஸ்டான்டன், சூசன் அந்தோணி, பிரெடரிக் டக்ளஸ், பிரான்சிஸ் ஹார்ப்பர் எல்லோரும் ஓரணி. நல்ல தொடக்கம்! ஆனால், மூன்றே ஆண்டில் அது முறிந்தது. கறுப்பின ஆடவருக்கு வாக்களிக்கும் 15-ஆம் திருத்தம் வந்தபோது, "எங்களுக்கு முன்னால் இவர்களுக்கா?" என்று ஸ்டான்டனும் அந்தோணியும் வெகுண்டனர். அத்துடன் நின்றார்களா? கறுப்பின ஆடவரையும், பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டாரையும் இழித்துரைத்தனர். 1867-இல் கான்சாஸ் மாநிலத்து வாக்கெடுப்பின்போது, நிறவெறி பேசிய ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெயினைத் துணைக்கழைத்து ஊர் ஊராகச் சென்றவர்கள் அவர்கள்தாம். 1869-இல் இயக்கம் இரண்டாகப் பிளந்தது.

அந்தப் பிளவிலே கறுப்பினப் பெண் எங்கே நின்றாள்? கவிஞரான ஹார்ப்பர் அம்மையார் திருத்தத்தை ஆதரித்தார். பெண்ணுரிமையில் அவருக்குப் பற்றுக் குறைவா? இல்லை. தம் இனத்தாரின் உயிரே ஊசலாடுகையில், நிறத்தை மறந்துவிட்டுப் பெண்ணாக மட்டும் நில் என்பது அவருக்கு இயலாத கட்டளை. வெள்ளைப் பெண்ணுக்கு நிறம் ஒரு சுமையாக இருந்ததில்லை. ஆகவே அதை மறப்பது அவளுக்கு எளிது. சுமப்பவளுக்கன்றோ சுமையின் கனம் தெரியும்!

1913 மார்ச் 3. வாஷிங்டன் நகரில் வாக்குரிமை கேட்டுப் பெண்களின் பேரணி. அடாத கொலைகளை எதிர்த்து எழுதுகோல் பிடித்த ஐடா வெல்ஸ் அம்மையாரும் சிகாகோவிலிருந்து வந்திருந்தார். தென்மாநிலத்தார் முகம் சுளிப்பார்களாம். ஆகவே, பின்னால், கறுப்பினப் பெண்களின் வரிசையில் வாருங்கள் என்றனர் அமைப்பாளர்கள். உரிமை கேட்கும் ஊர்வலத்திலேயே உரிமை மறுப்பு! வெல்ஸ் அம்மையார் பின்வரிசைக்குப் போகவில்லை. ஊர்வலம் நகர்ந்தபோது தம் இல்லினாய் மாநிலத்து அணியில் புகுந்து, தோழியரோடு தோள்சேர்த்து நடந்தார்.

1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை சட்டமாயிற்று. விழா எடுத்தார்கள். ஆனால், தென்மாநிலங்களின் கறுப்பினப் பெண், வரி என்றும் வாசிப்புத் தேர்வு என்றும் மறிக்கப்பட்டு, 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை பெரும்பாலும் வாசலிலேயே நின்றாள். 45 ஆண்டுகள்! 2008-இல், ஹிலாரி கிளிண்டனும் பராக் ஒபாமாவும் ஒரே கட்சியின் வேட்பாளர் நிலைக்குப் போட்டியிட்டபோதும் பழைய கேள்வி எழுந்தது: பெண் முந்தியா, நிறம் முந்தியா? இரண்டும் ஓர் உடலிலேயே குடியிருக்கும் கறுப்பினப் பெண்ணை நோக்கி, உன்னில் எந்தப் பாதிக்கு வாக்கு என்று கேட்பது என்ன நியாயம்?

கேட்டிருப்பீர்கள், நண்பர்களே. அங்கே நிறம், இங்கே சாதி. இனி நம் வீட்டுக் கதை.

சென்னையில் எழுந்த குரல்

1917-இல் சென்னை அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கம் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சரோஜினி அம்மையார் தலைமையில் பெண்களின் தூதுக்குழு, இந்திய மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921-இல், நீதிக்கட்சி ஆட்சியில், சென்னைச் சட்டமன்றம் பெண் என்பதற்காக வாக்கு மறுக்கும் தடையை நீக்கிற்று. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதை முதலில் செய்தது சென்னை. அதற்கு உரிய புகழை நாம் குறைக்கமாட்டோம்.

ஆனால், நீங்கியது எந்தத் தடை? பாலின் தடை. நீங்காதது? சொத்தின் தடை. வரி கட்டுவோருக்கே வாக்கு என்ற ஏற்பாட்டில், நிலமில்லாத ஆதி திராவிடக் குடும்பத்தின் ஆணுக்கே வாக்கு எட்டாக்கனி. பெண்ணுக்கு? வயலிலே நாற்று நட்டவளுக்கு வாக்கில்லை. வயலுக்கு உடையவளுக்கு வாக்குண்டு. இதைத்தான் பெண்ணினத்தின் வெற்றி என்று எழுதிவைத்தார்கள்.

1930-இல் லண்டனில் வட்டமேசை மாநாடு. பெண்களின் பிரதிநிதிகளாக அழைக்கப்பட்டவர் இருவர்: பேகம் ஷா நவாஸ், தமிழ்நாட்டின் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த ராதாபாய் சுப்பராயன். தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளும் இருவர்: அண்ணல் அம்பேத்கர், நமது செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். பெண்களுக்கு இருவர், தாழ்த்தப்பட்டோருக்கு இருவர். தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு? மேசை வட்டமாகத்தான் இருந்தது. அவளுக்கு நாற்காலி இல்லை.

அன்றைய பெண்கள் அமைப்புகளின் நிலையை நேர்மையோடு சொல்லவேண்டும். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்று அவர்கள் கேட்டார்கள். உயர்ந்த கோரிக்கை. அதோடு, எங்களுக்குத் தனி இடமும் வேண்டாம், சலுகையும் வேண்டாம், சமத்துவமே போதும் என்றார்கள். இதிலும் தன்மான மணம் வீசுகிறது. ஆனால், அந்த மணத்தை முகர்ந்த கையோடு ஒரு கேள்வியும் கேட்போம். சலுகை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? தந்தை வழக்கறிஞர், கணவர் கவுன்சிலர், வீட்டில் நூலகம், வாயிலில் வண்டி, இவ்வளவும் இருப்பவர் சொல்லலாம். பள்ளிக்கூடத்துத் திண்ணையிலும் ஏறவிடாத ஊரில் பிறந்தவளும் அதையே சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பதா சமத்துவம்?

முடிவில் வந்தது 1935-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் கணக்கைப் பாருங்கள். சென்னைச் சட்டசபைக்கு 215 இடங்கள். பூனா உடன்பாட்டின்படி தாழ்த்தப்பட்டோருக்கு 30. பெண்களுக்கு 8. அந்த எட்டில் பொதுப்பிரிவுக்கு 6, முஸ்லிம் பெண்களுக்கு 1, கிறித்துவப் பெண்களுக்கு 1. தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கென்று ஒன்றுகூட இல்லை. தாழ்த்தப்பட்டோர் என்றால் ஆடவர், பெண்கள் என்றால் மேல்தட்டார் என்று, சொல்லாமல் சொன்ன கணக்கு அது. இரண்டு ஏட்டிலும் பெயர் இருக்கவேண்டியவள், இரண்டிலும் விடுபட்டாள்!

நாகபுரிப் பந்தி

ஏட்டுக் கணக்கு இப்படி. வீட்டுப் பந்தி எப்படி? 1937-இல் அகில இந்தியப் பெண்கள் மாநாடு நாகபுரியில் கூடிற்று. அங்கே வந்திருந்தார் ஜாயிபாய் சவுத்ரி. தாழ்த்தப்பட்ட வகுப்பிலே பிறந்து, தம் மக்களின் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். சாப்பாட்டு வேளையில் அவரும் அவருடைய தோழியரும் பந்தியில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்டார்கள். மேடையிலே "சகோதரிகளே" என்ற விளி. பந்தியிலே தள்ளி உட்கார் என்ற ஏவல்!

அவமதிக்கப்பட்டோர் கண்ணீரோடு கலைந்துபோகவில்லை. கண்டனக் கூட்டம் போட்டார்கள். 1942-இல் அதே நாகபுரியில், சுலோசனாபாய் டோங்கரே தலைமையில், தாழ்த்தப்பட்ட பெண்கள் பல்லாயிரவர் திரண்ட மாநாடு நடந்தது. மணவிலக்கு உரிமை, பலதார மணத்துக்குத் தடை, ஆலைத் தொழிலாளப் பெண்களின் விடுப்பு என்று, வாழ்க்கையிலிருந்து வெட்டியெடுத்த தீர்மானங்களை அவர்கள் நிறைவேற்றினார்கள். "பெண்கள் இயக்கத்தைப் பிரித்தவர்கள்" என்று இவர்களைச் சொல்வோர் உண்டு. பந்தியைப் பிரித்தவர் யார் என்பதை அவர்கள் ஏனோ கேட்பதில்லை. புண்ணைக் காட்டியவரைப் பார்த்து, புண்ணை உண்டாக்கியவர் இவர்தான் என்பது எந்த ஊர் வைத்தியம்?

செங்கற்பட்டு காட்டிய வழி

இன்று படூரிலிருந்து கடிதம் எழுதினால், மாவட்டம் என்ற இடத்தில் செங்கற்பட்டு என்று எழுதுகிறோம். அந்தச் செங்கற்பட்டில்தான் 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில், சௌந்தரபாண்டியனார் தலைமையில், முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து களைக என்றது அம்மாநாடு. பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை தருக என்றது. எத்தொழிலையும் செய்யும் உரிமை தருக என்றது. தொடக்கப்பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக்குக என்றது. பள்ளியிலே கரும்பலகை முன்னே நிற்கும் நமக்கு, இந்தக் கடைசித் தீர்மானத்தைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. மகளுக்குச் சொத்தில் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 60 ஆண்டுகள்!

அந்த மாநாட்டின் சிறப்பு, சாதியையும் பெண்ணடிமையையும் ஒரே மேசையில் வைத்து அறுத்தது. முதலில் இது, பிறகு அது என்று வரிசை போடவில்லை. ஏன்? சாதியைக் காப்பது அகமணம். அகமணத்தைக் காப்பது பெண்ணின் அடிமைத்தனம். பெண் தன் துணையைத் தானே தேர்ந்தால் சாதி சாகும். சாதி செத்தால்தான் பெண் தேரமுடியும். இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள். ஒன்றை விட்டு ஒன்றை அறுப்பேன் என்பவர் கயிற்றை அறுக்கப் போவதில்லை.

1938 நவம்பரில் சென்னையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டை எண்ணிப் பாருங்கள். மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. தேவதாசி முறையை அதன் உள்ளிருந்தே கண்டு எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒருபுறம். ஆதி திராவிடத் தலைவி மீனாம்பாள் சிவராஜ் ஒருபுறம். பெரியார் என்ற பெயரை ஈ.வெ.ரா.வுக்குத் தீர்மானம் போட்டு வழங்கியது அந்த மாநாடு. அங்கே எவரும் தம் பிறப்பை மறைத்துக்கொண்டு மேடையேறவில்லை. மீனாம்பாள் அம்மையார் பின்னர்ப் பட்டியல் வகுப்புப் பெண்களின் மாநாடுகளுக்கும் தலைமை ஏற்றார். ஒன்று மற்றொன்றுக்குப் பகையாகவில்லை. ஒற்றுமை என்றால் அது: வேற்றுமையை மூடிவைப்பதன்று, வேற்றுமையால் விளைந்த கொடுமையைச் சேர்ந்து ஒழிப்பது.

நம் முகமும் கண்ணாடியில்

பிறர் குற்றத்தை மட்டும் பேசி முடித்தால் இது திறனாய்வாகாது; வசைபாட்டாகிவிடும். சத்தியவாணி முத்து அம்மையாரை நினைவுகூர்வோம். 1957-இல் சட்டமன்றம் புகுந்தார்; 1967-இல் அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். தாழ்த்தப்பட்ட பெண் ஒருத்தி அமைச்சராக அமர்ந்தது திராவிட இயக்கத்தின் பெருமை. ஆனால், 1974-இல் அதே அம்மையார், தாழ்த்தப்பட்டோர் புறக்கணிக்கப்படுகின்றனர் என்று கூறி வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக் கட்சி கண்டார். அந்தப் பெருமையைப் பேசுவோர், இந்த வருத்தத்தையும் பேசவேண்டாமா? முன்னதற்கு விழா, பின்னதற்கு மௌனம் என்பது பகுத்தறிவாகுமா?

மற்றொரு கணக்கு. 2021 தேர்தலில் தமிழகச் சட்டமன்றத்தின் 234 உறுப்பினருள் பெண்கள் 12 பேர். செங்கற்பட்டுத் தீர்மானங்களைத் தம் வரலாறு என்று கொண்டாடும் கட்சிகள் மாறிமாறி ஆண்ட நாட்டிலே, நூற்றுக்கு ஆறுகூட நிறையவில்லை! பெண்ணுக்கே இவ்வளவுதான் என்னும்போது, பெண்ணிலும் தாழ்த்தப்பட்ட பெண்ணுக்குத் தனித் தொகுதியைத் தாண்டி, பொதுத் தொகுதியில் வேட்பாளராக இடம் தந்த கட்சிகள் எத்தனை? விரல்விட்டு எண்ணத் தொடங்குங்கள். கை சீக்கிரமே ஓய்ந்துவிடும்.

மசோதாவின் இருபத்தேழு ஆண்டு

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற மசோதா 1996 செப்டம்பரில் முதன்முதலாக வந்தது. உடனே எழுந்தது கேள்வி: எந்தப் பெண்களுக்கு? பிற்படுத்தப்பட்ட பெண்ணுக்கு உள்ஒதுக்கீடு உண்டா? நியாயமான கேள்வி. பெண்கள் அமைப்புகளில் பல, இது பெண்களைப் பிரிக்கும் சூழ்ச்சி என்றன. சூழ்ச்சி என்ற சொல்லிலும் பாதி உண்மை உண்டு! உள்ஒதுக்கீடு கேட்ட தலைவர்களுள் ஒருவர், 1997-இல் நாடாளுமன்றத்திலேயே, முடி வெட்டிக்கொண்ட பெண்கள் வந்துவிடுவார்கள் என்று எள்ளி நகையாடினார். பிற்பட்ட பெண்ணுக்காக வாய்கிழியப் பேசியவர்கள், தம் கட்சி வேட்பாளர் பட்டியலில் அவளுக்கு எத்தனை இடம் தந்தார்கள்? மசோதாவைத் தடுக்க அவளைக் கேடயமாகப் பிடித்தார்கள். வாளை அவள் கையில் தரவில்லை.

ஆக, இருபுறமும் கேள். ஒரு சாரார், சாதியைப் பேசாதே, பெண்ணுக்கு வாய்ப்புப் போய்விடும் என்றார்கள். மறு சாரார், சாதியைப் பேசியே பெண்ணின் வாய்ப்பைத் தள்ளிப்போட்டார்கள். இருவருக்கும் இடையே அவள் 27 ஆண்டுகள் காத்திருந்தாள். 2010-இல் மாநிலங்களவை மட்டும் ஏற்றது. 2023 செப்டம்பரில் மக்களவையில் 454 பேர் ஆதரிக்க, இருவர் எதிர்க்க, 106-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறிற்று. பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் இடங்களில் மூன்றில் ஒன்று அவ்வகுப்புப் பெண்களுக்கு என்று அதில் எழுதினார்கள், நன்று. பிற்படுத்தப்பட்ட பெண்ணுக்கு ஒன்றும் எழுதவில்லை. மக்கள்தொகைக் கணக்கும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே நடைமுறை என்றும் எழுதினார்கள். கலத்திலே சோறு, கைக்கெட்டாத தூரத்திலே கலம்!

இதற்கு நடுவே, 1995-இலேயே தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பைக் கண்டவர், சென்னையில் பிறந்த ரூத் மனோரமா. எங்கள் பேச்சை நாங்களே பேசுவோம் என்பது அவர்கள் நிலை. அதில் என்ன பிழை? பார்ப்பனரல்லாதார் தம் குறையைத் தாமே சொல்லக் கிளம்பியபோது, தேச ஒற்றுமைக்குக் கேடு என்றார்கள் அன்றைய பெரியமனிதர்கள். அதே பழியை இன்று நாம் ஒரு தலித் பெண்ணின்மீது சுமத்தலாமா?

நாற்காலியும் தரையும்

ஊராட்சிகளில் நிலைமை மேல் என்பர். சட்டத்தில் மேல்தான். 1992-இல் நிறைவேறிய 73-ஆம் திருத்தம், பட்டியல் வகுப்பினருக்கான இடங்களுக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு வைத்தது. தமிழ்நாடு 2016-இல் பெண்களின் பங்கைப் பாதியாக்கிற்று. 1935-இல் இரண்டு ஏட்டிலும் விடுபட்டவள், இங்கே இரண்டு ஏட்டிலும் எண்ணப்பட்டாள்.

ஆனால், எண்ணப்பட்டவள் எங்கே அமர்ந்தாள்? 2020 ஆகஸ்டில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் சுதந்திர நாளில் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவரான தாழ்த்தப்பட்ட பெண் தரையிலே அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. வாஷிங்டனில் பின்வரிசை, நாகபுரியில் தனிப்பந்தி, தெற்குத்திட்டையில் தரை. நூறு ஆண்டுகளில் நாடு மாறிற்று, சட்டம் மாறிற்று. அவளுக்குக் காட்டப்பட்ட இடம் மட்டும் மாறவில்லை.

அரசு நடவடிக்கை எடுத்தது, வழக்கும் பதிவாயிற்று. நாம் கேட்பது வேறு. "பெண்ணினமே ஒரு சாதி" என்று தேர்தல் மேடையில் முழங்கியோர், அந்தத் தரையில் போய் அவளருகே அமர்ந்தார்களா? அமர்ந்திருந்தால் முழக்கம் மெய். அமராதபோது அது வாக்குக் கேட்கும் வாய்ப்பாடு.

தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை தெரிகிறது. அந்த முழக்கத்தைச் சொல்வோர் பெரும்பாலும் முன்வரிசையில் இருப்போர். பின்வரிசையில் இருப்பவளைப் பார்த்துச் சொல்கிறார்கள். அவள் முன்னே வர அடியெடுக்கும் வேளையில் சொல்கிறார்கள். பெண்களுக்குள் சாதியில்லை என்பது நாம் சென்று சேரவேண்டிய ஊர். சேருமுன்பே ஊர் வந்துவிட்டது என்பவர், வண்டியிலிருந்து சிலரை இறக்கிவிடப் பார்க்கிறார் என்று பொருள்.

படூரில், பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும், அடுக்குமாடிகளும் கல்லூரிகளும் எழுந்து நிற்கின்றன. அந்த மாடியில் குடியிருப்பவளும் பெண். விடியலில் அங்கே பாத்திரம் துலக்கப் போகிறவளும் பெண். இருவர் வீட்டுக்கும் வேட்பாளர்கள் வருவார்கள். வரும்போது இளைஞர்கள் கேளுங்கள்: உங்கள் பட்டியலில் பெண்கள் எத்தனை பேர்? அவர்களுள் தாழ்த்தப்பட்டோர், பிற்பட்டோர் எத்தனை பேர்? அவர்களுள் பொதுத் தொகுதியில் நிற்பவர் எத்தனை பேர்? வென்றபின் நாற்காலியில் அமர்வது அவளா, அவளுடைய கணவனா? கேட்டு, விடையை எழுதி, ஊர்ப் படிப்பகத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

நம் வகுப்பிலே கடைசிப் பலகையில் அமரும் சிறுமியர் உண்டு. உயரமாக இருப்பதால் பின்னே அமர்ந்தால் குற்றமில்லை. பிறப்பால் பின்னே அமர்த்தப்பட்டால் அது பள்ளியன்று. இயக்கத்துக்கும் அதுவே இலக்கணம்.